சீனாவுக்குப் பலமுறை நுழைவு விசா கேட்பவர்களுக்கு

ஒருமுறை நுழைவு விசாவோடு சீனாவுக்குள் போய், நடுவில் இரண்டு நாள் ஹாங்காங்கைப் பார்த்துவிட்டு மறுபடி சீனாவுக்குள் நுழைய முடியாது. ஹாங்காங் 1997 முதல் சீனாவின் பகுதிதான். ஆனால் அதன் குடிவரவுச் சட்டம் தனி. எல்லையை ஒட்டிய சீன நகரமான ஷென்செனிலிருந்து ஹாங்காங்குக்குள் போனால் சீன நிலப்பகுதியை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. பக்கத்தில் உள்ள மக்காவோவுக்கும் இதே விதி. என் மகள் குடும்பம் ஹாங்காங்கில் இருக்கிறது. நான் பார்க்க விரும்பும் ஊர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஃபூஜியன், குவாங்தோங் மாகாணங்களில் இருக்கின்றன. மகள் வீட்டிலிருந்து கிளம்பி அங்கே போய்விட்டு, பேரனிடம் திரும்பி வந்து, மறுபடி கிளம்பினால் அது இன்னொரு நுழைவு. அதனால்தான் பலமுறை நுழைவு விசா எனக்குத் தேவைப்பட்டது.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை நான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. எங்கள் தெருவில் சீன விசாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். எதிர்வீடு சொல்தா குடும்பம், அதாவது சிப்பாய்க் குடும்பம். அந்த வீட்டுத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் கொடுக்கவில்லை. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமலே சீனாவுக்குப் போகலாம். முதலில் 15 நாள் என்றார்கள். 2024 நவம்பர் கடைசியில் 30 நாளாக்கினார்கள். எதிர்வீட்டு மருமகள் என்னிடம், “டீச்சரம்மா, நான் டிக்கெட் எடுத்தால் போதும், நீங்கள் ஏன் இத்தனை காகிதம் சேர்க்கிறீர்கள்?” என்று கேட்டாள். ஒரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு குடும்பங்களுக்கு இடையில் அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு கையெழுத்து இன்றைக்கும் வேலை செய்கிறது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் பத்து நாள் வரை சீனாவில் தங்கிச் செல்ல அனுமதிக்கும் 240 மணி நேரத் திட்டம் இருக்கிறதே, அந்தப் பட்டியலிலும் இந்தியா இல்லை. எனவே நாம் விசா கேட்டே ஆகவேண்டும். கேட்பதைச் சரியாகக் கேட்கவேண்டும்.

பலமுறை நுழைவு என்பதை அந்தஸ்து போல நினைத்துப் பலர் கேட்கிறார்கள். வங்கியில் நிறையப் பணம் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்றும், முகவர் செல்வாக்குள்ளவராக இருந்தால் கிடைத்துவிடும் என்றும் நம்புகிறார்கள். என் அனுபவம் வேறு. பயணத்திட்டத்தைப் படிக்கிற அதிகாரிக்கு, இந்த அம்மாள் ஒரு தடவைக்கு மேல் உள்ளே வரவேண்டிய காரணம் காகிதத்திலேயே தெரியவேண்டும். முன்பு வந்தபோது சொன்ன நாளில் திரும்பிப் போனாள் என்பது பாஸ்போர்ட்டில் தெரியவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். பலமுறை கேட்டவருக்கு ஒருமுறை மட்டும் கொடுப்பதும் உண்டு. எனக்கு முதலில் ஒருமுறை, பிறகு இருமுறை, அதற்குப் பிறகுதான் பலமுறை என்று படிப்படியாக வந்தது. அந்த வரிசை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எந்த வகை விசா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு எல் வகை. வணிகத்துக்கு எம் வகை. குவாங்சோவில் 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கேன்டன் கண்காட்சிக்குச் சரக்கு பார்க்கப் போகிற நம் ஊர் வியாபாரிகள் எம் வகையில்தான் போகவேண்டும். சீனக் குடிமக்களின் உறவினர்களுக்குக் கியூ வகை. சீனாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கு எஸ் வகை. மகள் ஹாங்காங்கில் இருப்பதால் எனக்குக் குடும்ப விசா பொருந்துமா என்று சிலர் கேட்டார்கள். பொருந்தாது. ஹாங்காங்கில் இருக்கிற மகளைப் பார்க்க ஹாங்காங்கின் விதிதான். ஃபூஜியனில் உள்ள சுவான்சோ நகரைப் பார்க்கப் போகிற நான் சுற்றுலாப் பயணி, அவ்வளவே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஒரு பயண முகவர், “எம் வகையில் போட்டால் பலமுறை சுலபமாகக் கிடைக்கும், குவாங்சோவில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்புக் கடிதம் வாங்கித் தருகிறேன்” என்றார். வாழ்நாளில் ஒரு பொத்தான்கூட இறக்குமதி செய்யாத எனக்கு எதற்கு அழைப்புக் கடிதம்? விசா கிடைத்த மறுநாள் ரத்து செய்துவிடலாம் என்று சொல்லி, போகாத ஊர்களில் ஹோட்டல் முன்பதிவு காட்டவும் அவர் தயாராக இருந்தார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அடிக்கடி போகிறவர்களுக்கு இந்தக் குறுக்குவழி கூடவே கூடாது. ஒரே ஒரு தடவை போகிறவர் தப்பித்துக்கொள்ளலாம். நம் விண்ணப்பங்களோ ஒன்றன்மேல் ஒன்றாக அவர்களிடம் சேர்கின்றன. முன்பு வாங்கிய சீன விசாவின் விவரத்தை ஒவ்வொரு புதிய படிவமும் கேட்கிறது. போன தடவை வியாபாரி, இந்தத் தடவை சுற்றுலாப் பயணி என்றால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும்.

இனி படிவம். தமிழ்நாடும் புதுச்சேரியும் டெல்லியில் உள்ள சீனத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. சென்னையில் சீனத் துணைத் தூதரகமும் செங்டுவில் இந்தியத் துணைத் தூதரகமும் திறப்பது என்று 2015 மே மாதம் இரு நாடுகளும் கூட்டறிக்கையில் சொல்லின. அது நடந்திருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் ஏறி முடித்துக்கொண்டு வந்திருப்போம். இப்போதைக்கு டெல்லிதான். 2025 டிசம்பரிலிருந்து படிவத்தை நிரப்புவதும் ஆவணங்களை ஏற்றுவதும் இணையத்திலேயே நடக்கின்றன. பாஸ்போர்ட் மட்டும் டெல்லியில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்குப் போயாக வேண்டும். நம் பக்கத்தவர்கள் பெரும்பாலும் முகவர் மூலம்தான் கொடுக்கிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் படிவத்தை நிரப்பும் வேலையை முகவரிடம் விடுவதில்லை. என் வாழ்க்கையை என்னைவிட அவர் நன்றாக எழுதிவிட முடியாது.

படிவத்தில் பலமுறை நுழைவுக்கு முக்கியமான இடங்கள் மூன்று. எத்தனை நுழைவு வேண்டும், எத்தனை மாதம் செல்லுபடியாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதிகபட்சம் எத்தனை நாள் தங்குவீர்கள். இந்த மூன்று விடைகளும் பயணத்திட்டத்தோடு ஒத்துப்போகவேண்டும். ஒரே வாரத்தில் பெய்ஜிங் போய் வருவதாகத் திட்டம் எழுதிவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குப் பலமுறை கேட்டால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? என் திட்டத்தை நான் ஒரு தனிக் கடிதமாகவும் எழுதி இணைக்கிறேன். ஒரு பக்கம் போதும். நான் யார், ஓய்வூதியம் எவ்வளவு, மகள் எங்கே இருக்கிறாள். ஹாங்காங்கின் மேற்குக் கவுலூன் நிலையத்திலிருந்து ரயிலில் சுவான்சோ, அங்கிருந்து ஹாங்காங்குக்குத் திரும்புதல். மறு வாரம் குவாங்சோ, மறுபடி ஹாங்காங். சில மாதம் கழித்து நாஞ்சிங். ஒவ்வொரு நுழைவுக்கும் தேதி, ஊர், தங்குமிடம். கூடவே மகளின் ஹாங்காங் அடையாள அட்டை நகல், அவள் என் மகள் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், வங்கி முத்திரையோடு கணக்கு அறிக்கை, ஓய்வூதிய ஆணை, பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிற சீன விசாக்களின் நகல். பழைய பாஸ்போர்ட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அடிக்கடி போகிறவருக்கு அதைவிடப் பெரிய சான்று வேறில்லை.

தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் பெயர். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். இன்னும் சிலருக்கு முதலெழுத்து விரிந்து நடுவில் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றனவே, அவற்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் எழுதுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே பெயர் வரட்டும்.

புகைப்படம் 33 மில்லிமீட்டர் அகலம், 48 மில்லிமீட்டர் உயரம், வெள்ளைப் பின்னணி. நம் ஸ்டூடியோக்களில் வழக்கமாக எடுக்கிற பாஸ்போர்ட் படத்தின் அளவு வேறு, எனவே சொல்லி எடுக்கவேண்டும். காதுகள் தெரியவேண்டும். கைரேகை விதி அவ்வப்போது மாறுகிறது. குறுகிய காலப் பயணிகளுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். விண்ணப்பிக்கிற வாரத்தில் மையத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் நுழைவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும்.

விசா கைக்கு வந்ததும் அதைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். பலர் படிப்பதில்லை. இரண்டு செய்திகள் அதில் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, எந்தத் தேதிக்குள் நுழையவேண்டும் என்பது. இன்னொன்று, ஒவ்வொரு நுழைவிலும் எத்தனை நாள் தங்கலாம் என்பது. ஆறு மாதம் செல்லும் விசா என்றால் ஆறு மாதம் அங்கே தங்கலாம் என்று பொருள் இல்லை. 30 நாள் என்று எழுதியிருந்தால் நுழைந்த மறுநாளிலிருந்து 30 நாள் எண்ணவேண்டும். நுழைவுக்கான கடைசித் தேதிக்குள் உள்ளே போய்விட்டால், அந்தத் தேதி கடந்தாலும் உங்கள் 30 நாளும் உங்களுடையவைதான். கூடுதலாகத் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 யுவான் வரை அபராதம் என்று 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. காவலில் வைக்கவும் அதில் இடம் இருக்கிறது. அடிக்கடி போகிறவருக்கு அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, அடுத்த விண்ணப்பத்தில் அந்தக் கறை தெரிவது.

செல்லுபடிக் காலம் விசா கொடுத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது, முதல் பயணத்திலிருந்து அல்ல. பலமுறை நுழைவு கேட்பவர்கள் இதைக் கணக்கில் வைக்கவேண்டும். ஆறு மாத விசாவை இரண்டு மாதம் முன்பே வாங்கி அலமாரியில் வைத்தால் மிச்சம் நான்கு மாதம்தான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு கொடுப்பது எனக்குச் சரியாக இருக்கிறது.

ஹோட்டலில் தங்கினால் அவர்களே உங்களைப் போலீசில் பதிவு செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் நீங்களோ வீட்டுக்காரரோ பதியவேண்டும். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால் மறுபடி பதியவேண்டும். பலமுறை நுழைவு வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

ஹாங்காங் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் செய்துகொள்ளவேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்தியர்கள் ஹாங்காங்குக்குப் போவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்யவேண்டும். கட்டணம் இல்லை. அந்தப் பதிவு ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு வருகைக்கும் 14 நாள் தங்கலாம். மேற்குக் கவுலூன் அதிவேக ரயில் நிலையம் 2018 செப்டம்பரில் திறந்தது. ஹாங்காங் சோதனையும் சீனச் சோதனையும் ஒரே கட்டடத்துக்குள் நடக்கின்றன. ரயில் ஏறுவதற்கு முன்பே சீன விசாவில் ஒரு நுழைவு கழிந்துவிடும். முதல் தடவை போகிறவர்கள் எல்லையில் எங்கோ நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அப்படி நிறுத்துவதில்லை, எனவே நிலையத்துக்கே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

இத்தனை சிரமப்பட்டு என்ன பார்க்கப் போகிறாய் என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். சுவான்சோவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் விடைசொல்ல முடியாது. அங்கே கையுவான் கோயில் என்று தாங் வம்சக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு பௌத்தக் கோயில் இருக்கிறது. அதன் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். யானையைக் காக்கத் திருமால் வருகிறார். இடிந்துபோன ஒரு சிவன் கோயிலின் கற்களைக் கொண்டுவந்து மிங் காலத்தில் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. திருவானைக்காவைத் தெரிந்த எவரும் அதன் முன்னால் சட்டென்று நின்றுவிடுவார்கள். தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு ஒன்றும் அந்த நகரில் கிடைத்தது. சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது கி.பி. 1281. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் சீனாவை ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசைக் கானின் நலம் வேண்டித் திருக்கானீச்சுரம் உடைய நாயனார் என்னும் சிவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. 2021இல் சுவான்சோவை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பள்ளியில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, இராசராசன் காலத்தில் புறப்பட்ட தூதுக் குழு 1015இல் சீனாவின் சோங் அரசவையைச் சென்றடைந்தது என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டியதும், ரோமானிய வாணிகம் நடந்ததும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நம் கடற்கரையிலிருந்து கிழக்கே போனவர்கள் எந்தக் கரையில் இறங்கினார்கள், அங்கே என்ன கட்டினார்கள் என்பது தெரியாது. ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, இங்கே நூலகத்தில் உட்கார்ந்து படித்து, பார்க்கத் தவறிய தூணின் மற்றொரு பக்கத்தைப் பார்க்க மறுபடி போகவேண்டியிருக்கிறது. கல்லைப் படிப்பது அப்படிப்பட்ட வேலை. பலமுறை நுழைவு கேட்டு நான் எழுதும் கடிதத்தில் இந்தக் காரணமும் ஒரு பத்தியாக இருக்கிறது. ஓர் அதிகாரி அதைப் படித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

கொரோனா காலம் இந்தத் தொடர்பை அறுத்துப்போட்டது. 2020 மார்ச் 28 அன்று, செல்லுபடியாகும் விசா வைத்திருந்த வெளிநாட்டவர்களுக்கும் சீனா வாசலை மூடியது. என் பாஸ்போர்ட்டில் இருந்த பலமுறை நுழைவு விசா பயன்படாமலே காலாவதியானது. சுற்றுலா உட்பட எல்லா வகை விசாக்களையும் 2023 மார்ச் 15 அன்று மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். சீனச் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தியா 2025 ஜூலையில் விசாவைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் புறப்பட்டது. ஐந்து ஆண்டுக்கு மேல் இரண்டு பெரிய நாடுகளுக்கு இடையில் ஒரு நேரடி விமானம்கூட இல்லாமல் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அரசுகளுக்குள் ஆயிரம் பிணக்கு இருக்கலாம். இரண்டு பக்கத்து மக்களும் ஒருவர் ஊரை ஒருவர் பார்க்காமல் இருப்பதால் எந்தப் பிணக்கும் தீர்ந்துவிடுவதில்லை.

2014 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் ஒருவர் நாட்டவருக்கு ஒருவர் பத்து ஆண்டு பலமுறை நுழைவு விசா கொடுக்க ஒப்புக்கொண்டன. அவர்களுக்குள் இல்லாத சண்டையா? இந்தியாவும் சீனாவும் அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. சென்னைத் துணைத் தூதரகமும் திறக்கவேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்து மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களின் பெற்றோர் ஒவ்வொரு காகிதத்துக்கும் டெல்லியை நம்பி இருக்கவேண்டுமா?

அடுத்து நாஞ்சிங். இலங்கையின் காலியில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ தன் கப்பல்களில் கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு, சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. அந்தக் கப்பல்களைக் கட்டிய தளம் நாஞ்சிங்கில் இருந்தது. அந்த இடம் இன்று பூங்காவாக இருக்கிறது. எதிர்வீட்டு மருமகளும் இந்தத் தடவை கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு விசா வேண்டாம் என்றாலும், 2025 நவம்பர் 20 முதல் சீனாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பலாம் என்றாகிவிட்டது. அதை நாங்கள் இருவரும் என் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து நிரப்புவதாக இருக்கிறோம். பாஸ்போர்ட்டும் பயணத்திட்டக் கடிதமும் வரும் திங்கட்கிழமை டெல்லிக்குப் போகின்றன.